இருபத்து மூன்றாவது ஃபார்ம்

நாட்டில் இதுவரை நடந்த எந்தக் கணக்கெடுப்புக்கும் எவனும் வீடு வீடாகப் போனதில்லை, எல்லாம் ஏதோ ஒரு பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவைதான் என்று பிரவீன் அறிவித்தபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பேக்கரி. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எதிர்க்கடையின் போர்டு தெரியாத அளவுக்கு வெளியே பனி. அவன் இடது கையில் தேங்காய் பன், வலது கையில் பேனா, முன்னால் இருபத்தைந்து ஃபார்ம்.

“அப்புறம் என்னாத்துக்குடா காலங்காத்தால குல்லா மாட்டிட்டு கெளம்பி வந்தே?” என்றான் எதிரே உட்கார்ந்திருந்த பிரகாஷ். அவனும் அதே ஊர், அதே வகுப்பு.

“களப்பணிக்கு.” பிரவீன் பன்னை ஒரு கடி கடித்தான். “இதுதான் களம்.”

சேலத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் வருடம் படிக்கிறான் பிரவீன். அப்பா பழனிசாமிக்கு ஏரிக்கரையில் கடை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் குல்லாவும் மிளகும் விற்கிறார். தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்ப் பாடம் கேட்டுவிட்டு, அதே இருபதையும் ஏறி வருகிறவன் இவன். இந்த நாற்பது வளைவுகளிலும் அவனுக்கு உதித்ததெல்லாம் ‘பட்டதாரி ஆவது எப்படி’ என்ற தலைப்பில் வகுப்பின் வாட்ஸப் குழுவில் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அதில் அவன் எழுதியிருந்தான்: பட்டத்துக்கு நூற்று நாற்பது கிரெடிட் வேண்டும். தமிழில் தேற வேண்டும், ஆங்கிலத்தில் தேற வேண்டும், நுண்பொருளாதாரம், பேரினப் பொருளாதாரம், புள்ளியியல் எல்லாவற்றிலும் தேற வேண்டும். மலைக்காட்டிலிருந்து இறங்கி வருகிறவன் காடு என்றால் என்ன என்று சேலத்து வெயிலில் உட்கார்ந்து ஐந்து மார்க்குக்கு எழுத வேண்டும். மதிப்புக் கல்வியில் நாற்பது எடுத்தால் நல்லவன். முப்பத்தொன்பது எடுத்தால் ஒழுக்கத்தில் அரியர், நவம்பரில் மறுபடி எழுதி நல்லவன் ஆகிக்கொள்ளலாம். சமூகப் பணிக்கு ஒரு கிரெடிட். அதற்காக மூன்று வருடமும் ஒரே குழியில் மூன்று செடி நட்டுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து வருகைப்பதிவு வேண்டும். இத்தனையும் முடித்து வந்து நிற்பவனிடம், நாலே நாலு கிரெடிட்டுக்காக, ப்ராஜெக்ட் எங்கே என்று கேட்பார்கள்.

ப்ராஜெக்ட்டுக்கு இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். ஊர் பக்கம் என்பதால் பிரவீனுக்குச் சசிகலா ஜோடியாக வாய்த்தாள். கரடியூர்க்காரி. சொந்தமாகக் கொஞ்சம் காப்பித் தோட்டம், சாமை விளையும் கொஞ்சம் மேட்டுநிலம், மீதி நாளெல்லாம் எஸ்டேட் வேலை என்று ஓடுகிற குடும்பம். தலைப்பை அவள்தான் எடுத்தாள்: ‘கரடியூர்ப் பெண்களின் கூலியில்லா வேலை நேரம்.’ ஐம்பது வீடு. கிழக்கே இருபத்தைந்து அவளுக்கு, மேற்கே இருபத்தைந்து அவனுக்கு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்ணிடம், காலையில் எழுவது முதல் இரவு படுப்பது வரை எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுத வேண்டும்.

கைடு அன்பழகன் சார் இரண்டு விதி சொல்லியிருந்தார். ஒன்று, சொந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் போகக் கூடாது, இன்னொருத்தர்தான் போய்க் கேட்க வேண்டும். அதனால்தான் சசிகலாவின் வீடு பிரவீனின் பங்குக்கு வந்தது. இரண்டு, பதில் கிடைக்காவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள், நீங்களாக எதையும் போடாதீர்கள்.

இரண்டாவது விதிக்காகவே பிரவீன் ஒரு வாரத்துக் கட்டுரையை ஒதுக்கினான். ‘தெரியவில்லை என்று எழுத எதற்கு மூன்று வருடம்? அதைப் பத்தாவது ஃபெயிலான அன்றைக்கே எழுதலாமே! பொருளாதாரம் படித்தவன் ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டான். விட்டால் அவனைத் தமிழ் இலக்கியத்துக்கு மாற்றிவிட வேண்டும்.’ அறுபத்திரண்டு பேர் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். சசிகலா போடவில்லை.

அன்றைக்குப் பத்து மணி பஸ்ஸில் கரடியூர் வருவதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தான். பஸ்ஸும் வந்தது. பனிக்குள்ளிருந்து வந்து, நின்று, போய்விட்டது. அது போவதைப் பேக்கரிக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, முதல் ஃபார்மில் ‘எழும் நேரம்: காலை 6’ என்று எழுதினான். பன்னிரண்டு மணிக்கெல்லாம் இருபத்திரண்டு வீட்டுக்குப் போய் வந்துவிட்டான். இருபத்து மூன்றாவதை எடுத்தபோது பிரகாஷ் எட்டிப் பார்த்தான்.

“டேய், கண்ணாயின்னு போட்டிருக்கு. சசிகலாவோட அம்மாடா. அந்த ஒரு ஊட்டுக்காவது போய்க் கேட்டுட்டு வாடா.”

“கேட்டா என்னா சொல்லப் போறாங்க? எந்திரிச்சேன், சோறாக்கினேன், காட்டுக்குப் போனேன், வந்தேன், படுத்தேன். அவங்களுக்குச் சிரமம் குடுக்க வேண்டாம்னு நானே சொல்லிர்றேன்.”

எழுதினான். எழும் நேரம் ஆறு. சமையல் இரண்டு மணி நேரம். தோட்டம் ஏழு. தண்ணீர், விறகு ஒன்று. வீட்டு வேலை ஒன்று. டிவி சீரியல் இரண்டு. ஓய்வு மூன்று. தூக்கம் எட்டு. கூட்டினால் இருபத்து நான்கு. ஒரு நிமிடம் பிசகவில்லை.

இந்தக் கூட்டல் விஷயத்தில் அவனுக்குப் பெருமை உண்டு. சசிகலா நிஜமாகவே ஒவ்வொரு வாசலாகப் போய் எழுதி வந்த ஃபார்ம் ஒன்றுகூட இருபத்து நான்குக்கு வந்ததில்லை. இருபத்தாறு, இருபத்தேழு என்று நின்றது.

“உங்க ஊர்ல ஒரு நாளைக்கு இருபத்தேழு மணி நேரமா சசி? சொல்லிருந்தா நானும் அங்கயே ஊடு பாத்திருப்பேனே!” என்று பஸ்ஸில் கேட்டான்.

“களி கிண்டிட்டே, காயப்போட்ட காப்பிக் கொட்டையக் கோழி கெளறாமப் பாத்துக்கறாங்க. ஒரே நேரத்துல ரெண்டு வேலை. ரெண்டையும் எழுதித்தானே ஆகணும்?” என்றாள் அவள். பிறகு, “நீ ஏன் வல்ல அன்னிக்கு?” என்றாள்.

“வந்தேனே. உங்கூட்டுப் பக்கம் வர்றப்ப நேரமாயிருச்சு. வாசல்லயே கேட்டு எழுதிட்டு ஓடிட்டேன்.”

அவள் அவனை ஒரு வளைவு முடியும்வரை பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொய்யை நம்பிவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் கண்ணாயி இறந்துபோனார். விடியற்காலையில் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஜீப் பிடித்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டாவது வளைவிலேயே முடிந்துவிட்டது. வகுப்புக் குழுவில் செய்தி வந்ததும் பிரவீன் கும்பிடுகிற கை மூன்று போட்டான். பிறகு அது குறைச்சல் போலத் தோன்றி, நான்காவதும் போட்டான். ஜீப்பில் ஐந்தாறு பேர் வகுப்பிலிருந்து எழவுக்குப் போனார்கள். அவனுக்கு அன்று கடையில் வேலை இருந்தது. அந்த வேலையை அவனேதான் அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மார்ச்சில் ஃபார்ம்களைக் கட்டாகக் கட்டிச் சசிகலாவிடம் கொடுக்கும்போது இருபத்து மூன்றாவது அவன் நினைவுக்கு வராமல் இல்லை. எடுத்துவிடலாம் என்று முடிச்சை அவிழ்க்கப் போனான். எடுத்தால் இருபத்து நான்கு ஆகிவிடும். சார் இருபத்தைந்து கேட்டிருக்கிறார். முடிச்சை இறுக்கிவிட்டான்.

ஏப்ரலில் சசிகலா அட்டவணையெல்லாம் போட்டு முடித்தாள். முதல் பக்கத்தில் ஓர் உறுதிமொழி வரும்: ‘இந்த ஆய்வுக்கான தகவல்கள் எங்களால் நேரில் திரட்டப்பட்டவை.’ கீழே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் ப்ராஜெக்ட் இல்லை, ப்ராஜெக்ட் இல்லாமல் வைவா இல்லை, வைவா இல்லாமல் பட்டம் இல்லை. பிரவீன் துறை வராந்தாவிலேயே சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

“நான் போட மாட்டேன்.”

“ஏன்? ஸ்பெல்லிங் தப்பா?”

அவள் பையிலிருந்து ஒரு ஃபார்மை எடுத்தாள். எண்ணைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“டிவி சீரியல் ரெண்டு மணி நேரம்னு எழுதியிருக்கே. எங்கூட்டுல டிவி ரிப்பேராயி ஒன்ற வருசமாச்சு பிரவீன்.”

“சாரி சசி. அந்த ஒண்ணை எடுத்துரு. எடுத்துட்டு வேற ஊடு போட்டுக்கலாம். யாரு பாக்கப் போறா?”

“மத்த இருவத்தி நாலு?”

பிரவீன் நீட்டிய தாளை வராந்தாத் திண்டில் வைத்தான்.

“அன்னிக்கு நீ வர்றேன்னு அம்மா காப்பி பறிக்கப் போகல,” என்றாள் சசிகலா. குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. வருகைப்பதிவு வாசிப்பது போல இருந்தது. “வாரத்துல ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் எங்க சொந்தத் தோட்டத்துல பறிக்கறது. நின்னுட்டாங்க. விசேசத்துக்குக் கட்டற சீலையக் கட்டிட்டு, வாசல்ல சேர் எடுத்துப் போட்டு, பணியாரம் சுட்டு மூடி வெச்சிருந்தாங்க. நான் சொல்றதையெல்லாம் அந்தத் தம்பி அப்படியே எழுதிக்குமா, அது காலேஜுல இருக்குமான்னு நாலு தடவை கேட்டுட்டாங்க. ரெண்டு மணி வரைக்கும் பாத்துட்டு, சீலைய மாத்திட்டு, கூடையத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. போறப்ப என்னா சொன்னாங்க தெரியுமா? பாவம், பஸ் கெடைச்சிருக்காதுன்னாங்க.”

“சசி, நீ கையெழுத்துப் போடலீன்னா உனக்கும்தான் பட்டம் இல்ல.”

“தெரியும்.”

“அடுத்த ஏப்ரல்தான் மறுபடி.”

“அடுத்த ஏப்ரலுக்கு எங்கப்பா அனுப்ப மாட்டாரு. இந்த வருசம் முடிச்சுட்டா எம்.ஏ. அப்ளை பண்ணிக்க, இல்லீன்னா ஊட்டைப் பாத்துக்க கண்ணுன்னு சொல்லிட்டாரு.” ஃபார்மையும் திண்டில் கிடந்த உறுதிமொழித் தாளையும் நாலாக மடிக்காமல், கசங்காமல் பையில் வைத்தாள். “ஆனா எங்கம்மாகிட்ட நேர்ல கேட்டோம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

சமர்ப்பிக்க வேண்டிய நாள் திங்கட்கிழமை. அன்று வியாழன்.

மறுநாள் காலை, சசிகலாவிடமிருந்து திரும்ப வாங்கிய மற்ற பழைய ஃபார்ம்களோடும் ஒரு கட்டுப் புது ஃபார்மோடும் கரடியூர் பஸ்ஸில் பிரவீன் ஏறியபோது கண்டக்டர், “என்னாங்க தம்பி, வியூ பாயின்ட்டுக்கா?” என்றார். “கணக்கெடுப்புக்குங்க,” என்றான். தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

ஊருக்கு விஷயம் முன்னாடியே தெரிந்திருந்தது. முதல் வாசலில் ஜெயகுமாரி என்ற பெண் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் கை நிற்காமலே கேட்டார்:

“ஏனுங்க தம்பி, நான் போன தை மாசமே உங்களுக்குப் பதில் சொல்லிட்டனாமே?”

“இல்லீங்க்கா... அது வந்துங்க...”

“என்னா சொன்னேன்? படிங்க, கேக்கலாம். எனக்கு நாவகமில்லை.”

பக்கத்து வாசல்களிலிருந்து இரண்டு பெண்கள் வந்து நின்றுகொண்டார்கள். வேறு வழியில்லாமல் பழைய ஃபார்மை எடுத்துப் படித்தான். எழும் நேரம் ஆறு. மதியத் தூக்கம் ஒன்றரை மணி நேரம் என்ற இடம் வந்ததும் ஜெயகுமாரிக்கு முறம் கையிலிருந்து நழுவியது. அப்படியொரு சிரிப்பு.

“மத்தியானம் தூங்கினனா நானு! அடி இவளே, கேட்டியா? ஒன்றர மணி நேரமாம்! எந்த ஊட்டுலடி போய்த் தூங்கினேன்?”

“எஸ்டேட்டுல ஆள் கணக்கு எழுதற ரைட்டரு பாத்துட்டே நின்னாரா, விசிறினாரா?”

“இன்னொருக்கா படிங்க சாமி. காதுக்கு நொம்ப நல்லாருக்குது.”

பிரவீன் இன்னொரு தடவையும் படித்தான். ஊரையே சிரிக்க வைக்கிறவன்தான் அவன். ஆனால் இத்தனை பேர் சிரித்து, தனக்குச் சிரிப்பு வராமல் இருந்தது அன்றைக்குத்தான். பிறகு புது ஃபார்மை எடுத்து வாசற்படியில் உட்கார்ந்து, “இப்ப சொல்லுங்க்கா,” என்றான். ஜெயகுமாரி சொல்ல ஆரம்பித்தார். முதலில் விளையாட்டாக, நடுவில் விரல் விட்டு எண்ணி, கடைசியில் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல். கூட்டினான். இருபத்தாறரை வந்தது. திருத்தவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு. எஸ்டேட்டுக்குப் போனவர்களுக்காக மாலைவரை காத்திருந்தான். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. ஒரு வீட்டில், “இதை எழுதினா ரேசன்ல எதாச்சும் சேத்துக் குடுப்பாங்களா?” என்று கேட்டார்கள். இல்லை என்றதும், “அப்புறம் எதுக்குங்க எங்கள உக்கார வெச்சுக் கேட்டீங்க,” என்று சொல்லிவிட்டுக் காப்பி கொடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கு எழும் நேரத்தைச் சொல்லக் கடிகாரம் பார்க்கும் பழக்கமே இல்லை; எந்தச் சத்தம் கேட்கும்போது எழுவார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினான்.

ஞாயிறு ஐந்து மணிக்கு இருபத்து நான்கு முடிந்துவிட்டது. இறந்தவர் வீட்டுக்குப் பதிலாக வேறொரு வீட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று வியாழக்கிழமையே சாரிடம் கேட்டுச் சரி வாங்கியிருந்தான். அந்த இன்னொரு வீட்டையும் முடித்துவிட்டுத்தான் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு வந்தவர் அவனைப் பார்த்து நின்றார். சசிகலாவின் அப்பா மாதையன்.

“எல்லா ஊட்டுக்கும் வந்தீங்களாம். எங்கூட்டுக்கு வரலீங்களா?”

“இல்லீங்க... அது...”

“வாங்க சாமி. பஸ்ஸு வர இன்னும் நேரமிருக்குது.”

வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் சேர் இருந்தது. அதுதான் அந்தச் சேர் என்று யாரும் சொல்லவில்லை. பிரவீன் அதன் நுனியில் உட்கார்ந்தான். சசிகலா கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். அவள் கையில் உறுதிமொழித் தாள் இருந்தது.

“அம்மாவோடது எழுது,” என்றாள். “ஜனவரி மாச நிலவரம்தானே கேக்கறோம். ஜனவரில இருந்தாங்க.”

அவன் புது ஃபார்மை எடுத்து மேலே 23 என்று போட்டான். பெயர், கண்ணாயி. குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் மூன்று என்று எழுதினான். அதை அவனாகத்தான் போட்டான்.

“எத்தனை மணிக்குங்க எந்திரிப்பாங்க?”

“நான் அஞ்சரைக்கு எந்திரிப்பேனுங்க. அப்ப அடுப்பு எரிஞ்சிட்டிருக்கும்,” என்றார் மாதையன்.

“அவங்க எப்பங்க எந்திரிப்பாங்க?”

“தூங்கறவனுக்கு என்னா சாமி தெரியும்?” அவர் மகளைப் பார்த்தார். “நீதான கண்ணு படிக்கறதுக்கு நேரத்துல எந்திரிப்பே?”

“நாலே முக்காலுக்கு அலாரம் வெப்பேன்,” என்றாள் சசிகலா. “கண்ணு முழிக்கறப்ப தலமாட்டுல காப்பி டம்ளர் இருக்கும்.”

“சூடா இருக்குமா?”

“ஆறியிருக்கும்.”

பிரவீனின் பேனா கட்டத்துக்கு மேலே நின்றது.

“ராத்திரி படுக்கறது?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாங்க படுத்ததுக்கு அப்புறம்,” என்றாள் அவள். “பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுட்டே தூங்கிருவேன்.”

“ஒருக்கா எந்திரிச்சுப் பாத்திருக்கலாம்,” என்றார் மாதையன். சொல்லிவிட்டு மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் சுரண்டினார். “இருவத்தி ரெண்டு வருசத்துல ஒருக்கா. அவ போன அன்னிக்கு இவளும் அலாரம் வெக்கல. நான் முழிச்சப்ப அன்னிக்கும் அடுப்பு நல்லா எரிஞ்சிட்டுத்தான் இருந்துச்சு. அவ பக்கத்துல சாஞ்சிருந்தா. எப்ப எந்திரிச்சா, எவ்வளவு நேரம் அப்படிக் கெடந்தா... டாக்டரும் இதையேதான் கேட்டாருங்க. எத்தனை மணிக்கு வலி வந்துச்சுன்னு. என்னாத்தச் சொல்றது?”

தோட்டப் பக்கமிருந்து கோழி ஒன்று வந்து சேரின் காலைக் கொத்திவிட்டுப் போனது. நாலு என்று போடலாம். நாலு சரியாகத்தான் இருக்கும். ஆறின டம்ளர், நாலே முக்கால், அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம். எந்தப் பொருளாதாரப் பட்டதாரியும் இப்படித்தான் மதிப்பிடுவான், எந்த எக்ஸாமினரும் கேள்வி கேட்கமாட்டார். நாலு என்று போட்டுவிட்டால் மற்றதெல்லாம் கூடி வந்துவிடும். அவன் கைக்கு அந்த எண் தானாகவே வந்தது.

சசிகலா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டம் சின்னது. ஓர் எண்ணுக்கு மட்டும் அடித்து வைத்தது. அதில் எழுத்துகளை நெருக்கி நெருக்கி, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, ‘தெரியவில்லை’ என்று எழுதினான். அடுத்த கட்டம், படுக்கும் நேரம். அதிலும் அதையே எழுத ஆரம்பித்தான். பாதி எழுதியிருக்கும்போது கதவுப் பக்கம் அவள் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. நிமிராமல் மீதியையும் எழுதினான்.